பகடையும் காடும்: மேஜை மேல் ஒரு ரோமானிய யுத்தம்

கேரம் நமக்குத் தெரியும், செஸ் தெரியும். மேஜை மேல் பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து, ஸ்கேல் வைத்துத் தூரம் அளந்து, பகடை உருட்டி, 2000 வருஷத்துக்கு முந்தைய யுத்தத்தை மறுபடி நடத்திப் பார்க்கும் ஆட்டமும் ஒன்று உண்டு. 'வார்கேமிங்' என்று பெயர். பிரிட்டனில் இதற்குப் பெரிய ரசிகர் கூட்டமே இருக்கிறது. பழங்காலப் போர்களுக்கு 1990-ல் ஃபில் பார்க்கர் குழுவினர் வெளியிட்ட 'டி பெல்லிஸ் ஆன்டிகிட்டாடிஸ்' (சுருக்கமாக டி.பி.ஏ.) என்ற விதிப் புத்தகம் ரொம்பப் பிரசித்தம்.

ஒரு பக்கத்துக்கு 12 அணிகள், அவ்வளவுதான். முறை வந்ததும் ஒரு பகடை போட வேண்டும். எத்தனை விழுகிறதோ அத்தனை அணிகளையோ கூட்டங்களையோ நகர்த்தலாம். ஒன்று விழுந்தால் மீதிப் படை சும்மா நிற்கும்! ஈயப் பொம்மை கட்டாயமில்லை. டிராயிங் வகுப்பில் மிஞ்சும் அட்டையை 4 செ.மீ. அகலத்துக்கு வெட்டிப் பெயர் எழுதினால் போதும். மைதானம் 60 செ.மீ. சதுரம், நம் டிராயிங் போர்டில் தாராளமாக அடங்கும்.

எனக்குப் பிடித்த ஜோடி ரோமானியரும் செல்டிபீரியரும். செல்டிபீரியர் ஸ்பெயினின் உள்நாட்டு மேட்டு நிலத்து மக்கள். அவர்களுடைய செகேடா நகரம் தன் மதிலை நீட்டிக் கட்டியது. ரோம் கூடாது என்றது. கி.மு. 153-ல் கான்சல் நோபிலியர் ஏறக்குறைய 30,000 பேரோடு கிளம்பிவிட்டார். ஒரு சுவருக்காக!

இப்போது கணக்குக்கு வருவோம். ரோமானிய லீஜியன் வீரர்கள் டி.பி.ஏ.வில் 'பிளேடு' வகை. காலாட்படையோடு மோதும்போது மதிப்பு 5. ஸ்பெயினின் கேடய வீரர்கள் 'ஆக்சிலியா' வகை, மதிப்பு 3. அவரவர் பகடையை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். குறைந்தவர் பின்வாங்குவார். எதிரியின் கூட்டுத்தொகை இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆனால் அந்த அணி அழிந்தது.

இரண்டு பகடைக்கு மொத்தம் 36 விதமான விழுதல்கள். சமவெளியில் ரோமானியருக்கு 26 சாதகம், 6 பாதகம், 4 சமம். இன்னொன்றையும் பாருங்கள். செல்டிபீரியருக்கு 6 விழுந்து ரோமானியருக்கு 1 விழுந்தாலும் 9-க்கு 6தான். இரண்டு மடங்கு ஆகவே ஆகாது. நேருக்கு நேர் நின்று ஒரு ரோமானிய அணியை அழிக்க வழியே இல்லை.

அதே மோதல் காட்டுக்குள் நடந்தால்? கரடுமுரடான இடத்தில் பிளேடுக்கு 2 கழிவு. ஆக்சிலியாவுக்குக் கழிவு இல்லை. 3-க்கு 3. ஆளுக்கு 15 சாதகம், 6 சமம். பகடை மாறவில்லை, வீரர்கள் மாறவில்லை. நின்ற இடம்தான் மாறியது.

நிஜத்திலும் இதுவே நடந்தது. அப்பியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதியதன்படி, கேரஸ் என்ற தலைவன் 20,000 காலாட்களையும் 5,000 குதிரைகளையும் அடர்ந்த காட்டில் ஒளித்துவைத்து, கடந்து போன ரோமானிய வரிசை மேல் பாய்ந்தான். ரோமானியர் 6,000 பேர் காலி. ஆனால் ஜெயித்த வேகத்தில் அவன் ஆட்கள் கலைந்து துரத்திக்கொண்டு ஓடினார்கள். மூட்டை முடிச்சுக்குக் காவல் நின்ற ரோமானியக் குதிரைப்படை அப்போது புகுந்தது. கேரஸும் செத்தான், அவன் பக்கமும் 6,000 பேருக்குக் குறையாமல் போனார்கள். மேஜையிலும் இந்த ஆசைதான் ஆளைக் கவிழ்க்கும்: முன்னால் ஓடிப்போன அணியின் பக்கவாட்டில் எதிரி ஒட்டி நிற்க, அது பின்வாங்க நேர்ந்தால் அங்கேயே அழிவு.

இருபது வருஷம் கழித்து நுமான்சியாவுக்கு வந்த ஸிப்பியோ இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டவர். 60,000 பேர் கையில் இருந்தும் சண்டைக்கே இறங்கவில்லை. சிவில் நண்பர்கள் கவனிக்க: நகரைச் சுற்றி ஏறக்குறைய 9 கி.மீ. மதில், 7 கோட்டைகள், அகழி. துவேரோ ஆற்றில் பாலம் கட்ட முடியாததால், கத்தியும் ஈட்டி முனையும் செருகிய மரத்தடிகளைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டார். நீரோட்டத்தில் அவை உருண்டுகொண்டே இருக்கும். நீந்தியும் தப்ப முடியாது. உள்ளே இருந்த 8,000 போர்வீரர்கள் வெளியே வந்து போருக்கு அழைத்தும் அவர் அசையவில்லை.

டி.பி.ஏ. மைதானச் சண்டைக்கான விதி. இதை அதில் ஆட முடியாது. ஒரு பக்கத்துக்கு நகர்த்த இடமே கிடையாதே! கி.மு. 133-ல் பட்டினி தாங்காமல் நகரம் பணிந்தது. பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். மிஞ்சியவர்களில் 50 பேரை வெற்றி ஊர்வலத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவர்களை ஸிப்பியோ அடிமைகளாக விற்றார்.