லொறி கியர் பொக்ஸ்: வீட்டு வளவிலா, கராஜிலா?

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனை ஊடாகச் சாய்ந்தமருது வரை போய்வந்தால், வீட்டு வளவுக்குள் கல் அடுக்கி உயர்த்திய லொறி ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. ‘கராஜுக்குக் கொண்டுபோனால் உரித்துவிடுவார்கள், நாமே பார்த்துக்கொள்வோம்’ என்பது எமது சிறு வியாபாரிகள் பலரின் கணக்கு. சில வேலைகளுக்கு அந்தக் கணக்குச் சரி. கியர் பொக்ஸைப் பொறுத்தவரை பாதிதான் சரி.

எம்மிடம் ஓடுபவற்றில் பெரும்பாலானவை பழைய வண்டிகள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் பரவலாகத் திறந்தது. இடையில் 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 350ஐத் தாண்டியது. உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது. ஆகவே இருக்கும் எல்ஃபையும் கன்டரையும் காப்பாற்றிக்கொள்வதே பலருக்கு வழி. அதிலும் நெல்லோ மீனோ ஏற்றிக்கொண்டு மஹியங்கனைப் பதினெட்டு வளைவு ஏறும் வண்டிக்கு கிளச்சும் கியரும் படும் பாடு சொல்லத் தேவையில்லை.

கழற்ற முன் கோளாறு எங்கே என்று பாருங்கள். இதற்குக் காசு தேவையில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரைப் போட்டால் இலகுவாக விழுகிறது, எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகுகிறது, ரிவர்ஸ் போடுகையில் கரகரக்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது கியர் பொக்ஸை அல்ல, கிளச்சை. நியூட்ரலில் நிற்கும்போது வரும் இரைச்சல் கிளச்சை மிதித்ததும் நின்றால், பெட்டியின் முன் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போதுதான் இரைச்சல் வருகிறதா? அப்படியானால் அது கிளச் ரிலீஸ் பெயாரிங். ஒரேயொரு கியர் மட்டும் கரகரத்தால், அல்லது ஓடும்போது தானாகக் கழன்றால், பெரும்பாலும் உள்ளே தேய்மானம்.

கிளச் பம்ப் ஒழுகுகிறதா, லைனில் காற்று நிற்கிறதா, பெடல் அளவு சரியா, கியர் லீவரின் இணைப்புகள் ஆடுகின்றனவா என்பதெல்லாம் வீட்டில் செய்யக்கூடியவை. ஒயில் மாற்றுவதும் அப்படியே. ஆனால் கையில் கிடைத்த ஒயிலை ஊற்றாதீர்கள். டிஃபரன்ஷலுக்கு ஊற்றும் ஜீ.எல். 5 ரக ஒயிலில் சில, கியர் பொக்ஸிலுள்ள பித்தளை வளையங்களை அரிக்கக்கூடியவை. கம்பனி புத்தகத்தில் என்ன ரகம் போட்டிருக்கிறதோ அதுதான். இறக்கிய ஒயிலில் மெல்லிய பித்தளைத் தூள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இரும்புத் துண்டு கிடந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம்.

பெட்டியை இறக்க வேண்டும் என்றானதும் கதை வேறு. எமது கடற்கரை மண்ணில் ஜக் புதையும். இறக்கும்போது அத்தனை பாரமும் படுத்திருப்பவரின் நெஞ்சுக்கு நேராக நிற்கிறது. இந்த ரக லொறிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் கியர் பொக்ஸின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. புரொப்பெல்லர் ஷாப்ட்டைக் கழற்றிய கணமே அது சில்லைப் பிடிக்காது. சில்லுக்குக் கட்டை வைக்காதவர் உயிரோடுதான் விளையாடுகிறார். ஒரு நாள் கூலியை மிச்சம்பிடிக்க மகனையோ மச்சானையோ அதற்குக் கீழே படுக்கச் சொல்வது எந்த வியாபாரம்? உள்ளே திறந்தால் பெயாரிங் இழுக்க புல்லர் வேண்டும், ஏற்ற பிரஸ் வேண்டும். காற்றோடு வரும் மணலுக்கு மறைவான இடமும் வேண்டும்.

கணக்கையும் பார்ப்போம். வீட்டில் செய்வதால் 20,000 ரூபா கூலி மிச்சம் என்று வையுங்கள். செலவு போக நாளுக்கு 8,000 தரும் லொறி மூன்று நாள் கூடுதலாக நின்றால் 24,000 போய்விட்டது. அது மாரி அறுவடைக் காலமென்றால் வாடிக்கையாளர் வேறு லொறிக்குப் போய்விடுவார். லீசிங் தவணையோ காத்திராது.

கராஜ்காரர் உரிப்பார் என்ற பயத்துக்கு மருந்து வீட்டில் கழற்றுவதல்ல, பேச்சை எழுத்தில் வைப்பது. சூரா பகறாவின் 282ஆம் வசனம் தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. லொறியை விடும்போது அந்தப் பழக்கம் எமக்கு ஏன் வருவதில்லை? கூலி எவ்வளவு, எத்தனை நாள், பெட்டியைத் திறந்த பின் விலை கூடினால் முதலில் கேட்க வேண்டும், கழற்றிய பழைய சாமான் எனக்கே திரும்ப வேண்டும். நான்கு வரி போதும். நல்ல பாஸ் இதற்குக் கோபிக்கமாட்டார்.

உள்ளே பல சாமான் தேய்ந்திருந்தால் பஞ்சிகாவத்தையில் ரிக்கண்டிஷன் பெட்டி ஒன்றை எடுப்பது மலிவாக வரலாம். இரண்டு விலையையும் கேட்டபின் முடிவெடுங்கள். வாங்குமுன் முன் ஷாப்ட்டைக் கையால் சுற்றி, எல்லாக் கியரும் விழுகிறதா என்று பாருங்கள். எத்தனை நாள் உத்தரவாதம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய பெட்டியை உடனே இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். புதிதாகப் போட்டது பாரத்தோடு ஒரு தடவையாவது மலையேறி வரட்டும்.