விழிக்கும் நிமிடம் யாருடையது?

கனவு என்றாலே ஃபிராய்டில் தொடங்கி லக்கானில் போய் நிற்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கனவைப் பிரதியாக வாசிப்பது பற்றி இவ்வளவு பேசியிருக்கிறோம். அந்தப் பிரதி கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பேசுவதில்லை. 'எனக்கெல்லாம் கனவே வராதுப்பா' என்று சொல்லும் தோழர்கள்தான் அதிகம். வராமல் இல்லை, வந்துவிட்டுப் போய்விடுகிறது.

இதை ஞாபகசக்தி சம்பந்தப்பட்டதாக மட்டும் பார்க்க முடியாது. சிகாகோவில் டிமென்ட்டும் கிளெய்ட்மனும் செய்து 1957ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தில் 191 முறை எழுப்பியதில் 152 முறை கனவு கிடைத்தது. மற்ற கட்டங்களில் 160 முறை எழுப்பியதில் 11 முறைதான். அவற்றிலும் கனவு உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்றாலும், எந்தக் கணத்தில் விழிக்கிறோம் என்பது முக்கியம் என்ற முடிவு மாறவில்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டம் வருகிறது, விடியலை நோக்கி நீண்டுகொண்டே போகிறது. ஆக, ஷிப்ட்டுக்கு ஓடுகிறவரின் அலாரம் வெட்டி எறிவது வெறும் தூக்கத்தை அல்ல, கனவு மிகுந்த கடைசிப் பகுதியை. உழைப்பு நேரத்தின் அரசியல் தலையணை வரைக்கும் வந்துவிடுகிறது, இல்லையா?

மீதமிருக்கும் நேரத்தில் என்ன செய்யலாம்? நான் பல வருஷமாகக் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். படுக்கும் முன் 'காலையில் கனவை நினைவில் வைத்திருப்பேன்' என்று மனதுக்குள் உறுதியாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். விழித்ததும் அசையக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது, கைபேசியைத் தொடவே கூடாது. 'இன்னிக்கு என்ன வேலை' என்ற கேள்வி நுழைந்துவிட்டால் முடிந்தது கதை. 'இப்ப என்ன நடந்துகிட்டிருந்தது' என்பதுதான் முதல் கேள்வி. காட்சி சிக்காவிட்டால் உணர்ச்சியைப் பிடியுங்கள். பயமா, அவமானமா, சிரிப்பா? கடைசித் துணுக்கிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இரவில் படுத்திருந்த பக்கமாக மெல்லத் திரும்பினால் சில நேரம் மற்றதும் வந்து சேரும்.

பிறகு உடனே எழுத வேண்டும். நிகழ்காலத்தில், உடைந்த வாக்கியங்களில், வந்த வரிசையில். எழுத்தாளர்களுக்கு இங்கேதான் சிக்கல். கை தானாகத் திருத்த ஆரம்பித்துவிடும், இடைவெளியை நிரப்பிக் கதையாக்கிவிடும். அதைத் தடுத்தாக வேண்டும். பொருள்கொள்ளல் எல்லாம் பிறகு. ஒன்றும் வராத நாளில் தேதி போட்டு 'ஒன்றுமில்லை' என்றாவது எழுதுங்கள்.

'இது கனவு' என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்ளும் நிலைக்கு, ஆங்கிலத்தில் லூசிட் ட்ரீம் என்பதற்கு, இந்தக் குறிப்பேடுதான் வாசல். பிரான்சின் ஹெர்வி த சான் தெனி 13 வயதில் கனவுகளைக் குறிக்கத் தொடங்கினார். அத்தகைய கனவு முதலில் வந்தது 207ஆவது இரவில் என்று தன் 1867 நூலில் பதிவு செய்திருக்கிறார். டச்சு எழுத்தாளர் வான் ஈடன் 1913ல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1975ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்னும், சில ஆண்டுகள் கழித்துத் தனியாக ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் அதைச் சோதனையில் நிரூபித்தார்கள். உறங்குபவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துக் கனவுக்குள்ளிருந்து சமிக்ஞை கொடுத்தார்.

லபெர்ஜின் முறையும் நினைவுகூர்தலில்தான் தொடங்குகிறது. கனவிலிருந்து விழித்ததும் அதை முழுக்க நினைத்துப் பார்த்து, அதில் நடக்கவே முடியாத ஒன்றை அடையாளமாக எடுத்துக்கொண்டு, 'அடுத்த முறை இதைக் கண்டால் கனவென்று அறிவேன்' என்ற எண்ணத்தோடு மறுபடி உறங்குவது. என் நோட்டில் அடிக்கடி வருவது ப்ரூஃப் மேசை. இரண்டாம் முறை படிக்கும்போது எழுத்துகள் மாறியிருக்கும். எழுதி வைத்திருக்காவிட்டால் அது என் அடையாளம் என்று எனக்கே தெரிந்திருக்காது. ஒரு எச்சரிக்கை: தூக்கத்தை உடைக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டாம். நிஜமும் கனவும் குழம்பும் மனநிலை உள்ளவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.

ஆனால் கனவை 'ஆள்வது' என்ற பேச்சில் எனக்குச் சம்மதமில்லை. நனவிலிக்குள்ளும் ஒரு மேலாளரை நியமிக்க வேண்டுமா? எனக்கு முன்னுதாரணம் ஷார்லோட்டே பெராட். பெர்லினின் யூதப் பத்திரிகையாளரான அவர், 1933 முதல் 1939ல் நாட்டைவிட்டு வெளியேறும்வரை ஹிட்லர் ஆட்சியில் வாழ்ந்தவர்களின் கனவுகளைச் சேகரித்தார். ஹிட்லரை 'ஹான்ஸ் மாமா' என்றும் கைதைக் 'காய்ச்சல்' என்றும் மாற்றி எழுதி, புத்தக அட்டைகளுக்குள் ஒளித்து, வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார். 1966ல் அது நூலானது. அதில் ஒரு மருத்துவரின் கனவு: அரசாணைப்படி வீட்டுச் சுவர்கள் எல்லாம் மறைந்துபோகின்றன. விழித்து அதை எழுதி வைக்கிறார். அடுத்த கனவில், கனவுகளை எழுதிவைத்ததாக அவர்மீதே குற்றம் சாட்டப்படுகிறது.

அதிகாரம் எதற்குப் பயப்படும் என்பது அந்த மருத்துவரின் நனவிலிக்குத் தெரிந்திருந்தது. கனவைத் திருத்தியிருந்தால், விளக்கம் சேர்த்து மெருகேற்றியிருந்தால், அந்தச் சாட்சியம் நமக்குக் கிடைத்திருக்காது. தெளிவுக் கனவு வாய்க்கிறதோ இல்லையோ, இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். உங்கள் நாளின் எந்தப் பயம் இரவில் ஆணையாக வந்து நிற்கிறது என்று தெரியவரும். அதை நாம் கூட்டாக வைத்துப் பேசலாம்.