மூன்று படிகளும் ஒரு மாதக் கெடுவும்

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ வேறு அன்றாடச் செயல்களிலோ சிரமம் உடையவர்கள். அந்தக் கணக்கைக் கொழும்பின் வெள்ளவத்தைச் சந்தை வாசலில் வைத்துப் பார்த்தால், கடந்து போகும் பன்னிருவரில் ஒருவர் அத்தகையவராக இருக்கவேண்டும். வெளியே தெரியாத குறைபாடுகளைக் கழித்தாலும், தெருவில் கண்ணில் படுபவர்கள் அதைவிட எவ்வளவோ குறைவு. மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே இருத்தி வைப்பது பெரும்பாலும் உடலல்ல, கட்டடம்.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. லிப்ட் இருக்கும். ஆனால் வாகனத் தரிப்பிடத்திலிருந்து லிப்ட் வாசலுக்குப் போக மூன்று படிகளும் இருக்கும். ஒரு படி 15 சென்ரிமீற்றர் என்றால் மொத்தம் 45. சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை, ஒரு அலகு உயர்வதற்குப் பன்னிரண்டு அலகு நீள வேண்டும் என்பது பொதுவான அளவு. அப்படியானால் 5.4 மீற்றர் தேவை. ஏறக்குறைய ஒரு கார் நிறுத்தும் நீளம். இருபது காருக்கு இடம் ஒதுக்கிய வரைபடத்தில் இந்த இருபத்தோராவது நீளம் மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மேலே போனால் இன்னொரு தடை: சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் 65 சென்ரிமீற்றர் அளவில் வரும், குளியலறைக் கதவோ பல வீடுகளில் 60தான். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் லிப்ட் பேச்சே இல்லை. வாசற்படி நேரே தெருவில் இறங்கும், நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதில் மோட்டார் சைக்கிள் நிற்கும். காலி வீதியால் ஓடும் 100, 101 பஸ்களின் உயர்ந்த மிதிபடியில் ஊன்றுகோலுடன் ஏறுவதற்கு, பஸ் முதலில் முழுதாக நிற்க வேண்டும். அதனால் பஸ் காசில் முடியும் பயணம் ஓட்டோக் காசாகிறது. மருத்துவமனைக்கு மட்டும் போதும், படம் பார்க்கவும் கோயிலுக்கும் வேண்டாம் என்று வீடு முடிவு செய்துவிடுகிறது.

அந்த முடிவை யார் எடுப்பது என்பதில்தான் சுதந்திரமான வாழ்க்கை இருக்கிறது. 1972இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் மாற்றுத்திறனாளிகளே நடத்திய முதல் சுயாதீன வாழ்வு மையம் எழுந்தது. உதவி பெறுவது சுதந்திரத்துக்குக் குறையல்ல, எந்த உதவியை எப்போது யாரிடம் பெறுவது என்று தானே தீர்மானிக்க வேண்டும் என்பதே அந்த இயக்கத்தின் அடிப்படை. எங்கள் வீடுகளில் இதற்கு எதிரான ஆபத்து பாசத்தின் உருவில் வருகிறது. வங்கிக் கணக்கை அண்ணன் பார்த்துக்கொள்வார், காணி உறுதியில் மாமா காட்டிய இடத்தில் ஒப்பமிட்டால் போதும், 'பாவம், அவளுக்கு ஏன் இந்த அலைச்சல்' என்பது பேச்சு. படித்துக் காட்டப்படாத எந்தப் பத்திரத்திலும் பார்வையற்றவர் ஒப்பமோ கைநாட்டோ வைக்கக்கூடாது. கண் தெரியாது என்ற காரணத்தைச் சொல்லி ஒரு வங்கி சேவையை மறுத்தால், எழுத்தில் காரணம் கேட்டுவிட்டு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்தில் முறையிடலாம். தொலைபேசி 1935.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. 12(4), மாற்றுத்திறனாளிகளுக்கென விசேட ஏற்பாடுகள் செய்ய இடமளிக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரண்டு விடயங்களைத் தெளிவாகத் தடுக்கிறது: இயலாமையைக் காரணம் காட்டி வேலைக்கோ பாடசாலைக்கோ சேர்க்க மறுப்பது; பொதுமக்கள் போகக்கூடிய கட்டடத்துக்குள் போகவோ அதைப் பயன்படுத்தவோ தடை விதிப்பது. 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களில் சரிவுப் பாதை, கழிப்பறை முதலியவற்றைக் கட்டாயமாக்கின. பழைய கட்டடங்களுக்கு 3 ஆண்டு அவகாசம் கொடுக்கப்பட்டு, பின்னர் அதுவும் நீட்டப்பட்டது.

ஒழுங்குவிதி கடதாசியில் உறங்கியபோது அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளரும் கிரிக்கெட் நடுவருமான அவர், 1992இல் வீதியோர மரம் ஒன்று காரின் மீது விழுந்ததில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். அவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27 அன்று கட்டளையிட்டது: புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளைப் பின்பற்றவேண்டும், மீறும் வரைபடத்துக்கு அனுமதியோ, கட்டி முடிந்தபின் இணக்கச் சான்றிதழோ வழங்கக்கூடாது. ஆகவே 2011க்குப் பின் கட்டிய பொதுக் கட்டடத்தின் வாசலில் சரிவுப் பாதை இல்லையென்றால், கட்டியவரோடு அதற்குச் சான்றிதழ் கொடுத்த அதிகாரியும் பதில் சொல்லவேண்டியவர்.

வேலை விடயத்தில் நிலைமை மெலிவானது. அரச சேவையில் 3 சதவீத இடம் என்பது 1988ஆம் ஆண்டின் ஒரு சுற்றறிக்கை. சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. வாக்களிப்பில் முன்னேற்றம் உண்டு. 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் சட்டத்தின்படி பார்வைக்குறைபாடோ உடல் இயலாமையோ உடைய வாக்காளர் உதவியாளர் ஒருவரை வாக்களிப்பு நிலையத்துக்கு அழைத்துச் செல்லலாம். 2024 நவம்பரில் பார்வையற்ற ஒருவர், சுகத் வசந்த டி சில்வா, முதன்முறையாகப் பாராளுமன்ற உறுப்பினரானார்.

பண உதவிக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போகவேண்டும். வெள்ளவத்தைக்குத் திம்பிரிகசாய, கொட்டாஞ்சேனைக்குக் கொழும்பு. குறைந்த வருமானமுடைய மாற்றுத்திறனாளிக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. செயற்கைக் கால் தேவைப்படுவோருக்கு, 1831இல் தொடங்கிய கொழும்பு பிரெண்ட் இன் நீட் சங்கம் ஜெய்ப்பூர்க் காலைச் செய்து பொருத்துகிறது.

உரிமை மீறப்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. தனியார் நிறுவனம், கடை, பாடசாலை என்றால் 1996 சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனு. அரச அலுவலகம் என்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. இதற்குக் கெடு ஒரு மாதம் மட்டுமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடந்ததென்று காட்டச் சான்று வேண்டும். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்து ஏமாந்தவர்கள் உண்டு. ஆணைக்குழுவின் தலைமையகம் பம்பலப்பிட்டி ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில், உடனடித் தொலைபேசி 1996. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன், செலவு குறைந்த ஆயுதம் ஒன்று உண்டு: 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டம். இந்தக் கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ் எந்தத் திகதியில், எந்த அடிப்படையில் கொடுக்கப்பட்டது என்று மாநகர சபையைக் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தரே எழுதிக்கொள்ளவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கடிதம் தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை.

மறுப்பு பெரும்பாலும் வாய்மொழியாகவே வரும். அன்றைக்கே நடந்ததைத் திகதி, நேரம், இடத்துடன் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஒரு மாதக் கெடு மறுப்பு நடந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது.