களைக்குப் பயந்து களையை நடலாமா?

மழை விட்டதும் ஊத்தங்கரைப் பக்கம் காலி மனைகளில் முதலில் தலைகாட்டுவது பார்த்தீனியம்தான். வீட்டைச் சுற்றி மண்ணை வெறுமையாக விட்டால் அங்கேயும் அதே கதி. களைக்கொல்லி அடிக்க மனமில்லாதவர்கள் தரைமூடும் செடி கேட்டு நர்சரிக்குப் போகிறார்கள். அங்கே மலிவாகக் கிடைப்பது வெடேலியா.

மஞ்சள் பூவும் பளபளப்பான இலையுமாக, சில மாதங்களில் தரையே தெரியாமல் படர்ந்துவிடும். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. இலையைப் பாருங்கள்: பக்கங்களில் பிரிந்து மூன்று மடலாக இருந்தால் அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த வெடேலியா. நம் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு, மடல் பிரியாமல் இருக்கும். வந்தேறியின் தண்டு மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர்விடும். ஒடிந்த துண்டும் பிழைத்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று ஓசூர்க் காடுகளை அடைத்து நிற்பதைப் பார்த்த பிறகும் நாம் பாடம் கற்கவில்லையே என்பதுதான் என் கவலை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது; நிறுத்தியிருந்த வேன்களையே வெள்ளம் இழுத்துப்போனது. அப்படியொரு வெள்ளத்தில், வேலியோரம் வெட்டி எறிந்த ஒரு வெடேலியாத் தண்டு பாம்பாற்றில் இறங்கி, தென்பெண்ணையைச் சேர எவ்வளவு நேரமாகும்? மண் அரிப்பைத் தடுக்கும் என்று வெடேலியாவுக்காகப் பேசுபவர்கள் உண்டு. அதைச் செய்ய நம்மிடமே செடிகள் இருக்கின்றன.

ஈரம் நிற்கும் இடத்தில் பொடுதலை வைக்கலாம். மிதித்தாலும் தாங்கும். அதன் நெருங்கிய உறவான வேறொரு செடி ஆஸ்திரேலிய ஆற்றுச் சமவெளிகளில் பெரும் களை. எந்தச் செடிக்கும் ஊர் முக்கியம். மாமரங்களுக்கு இடையே, கொல்லையில், கொள்ளு போதும். காவேரிப்பட்டணம் அருகே பையூர் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே ரகங்கள் தந்திருக்கிறது. தானியத்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். களையை அடக்க இன்னும் நெருக்கமாக விதைக்க வேண்டும். புரட்டாசி மழையில் விதைத்தால் கொடி பின்னித் தரையை மூடும், வேர் மண்ணில் தழைச்சத்துச் சேர்க்கும். ஒன்று மட்டும்: கோரை இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகே விதையுங்கள். எந்த மூடுபயிரையும் துளைத்துக்கொண்டு அது மேலே வரும்.

ஏற்கெனவே வெடேலியா வைத்திருப்பவர்கள் வேரோடு பிடுங்கி வெயிலில் சருகாகக் காயவிடுங்கள். ஓடையோரம் மட்டும் கொட்டாதீர்கள்.