மழைக்காலத்தில் ஐசிங் பிஸ்கட்: நமுக்காமல் காக்கும் வழிகள்

தீபாவளி, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் என்று தின்பண்ட வியாபாரத்துக்கு நல்ல காலம் அக்டோபர் முதல் ஜனவரி வரை வரிசையாக வருகிறது. நம் மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்வதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பிஸ்கட் அதிகம் விற்கும் மாதங்களே பிஸ்கட் அதிகம் கெடும் மாதங்களாகவும் அமைந்துவிடுகின்றன. முக்கியமாக, கிறிஸ்துமஸை ஒட்டி வரும் ஐசிங் பிஸ்கட், வண்ணச் சர்க்கரை தூவிய பிஸ்கட் ஆகியவற்றைச் சாதா பிஸ்கட்டைப் போல் கையாள முடியாது. அவற்றைக் காக்கும் முறையைச் சில்லறை வணிகர்களும் மொத்த வணிகர்களும் அறிந்திருப்பது நல்லது.

நஷ்டக் கணக்கு

ஒரு கிலோ ஐசிங் பிஸ்கட்டை 240 ரூபாய்க்கு வாங்கி 300 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு லாபம் 60 ரூபாய். இதில் ஒரு கிலோ நமுத்துப்போய் ஒதுக்க நேர்ந்தால் போவது 240 ரூபாய். அதாவது நான்கு கிலோ விற்றுச் சம்பாதித்த லாபம் அந்த ஒரு கிலோவில் கரைந்துபோகிறது. பேக்கரிக்காரர்கள் பலர் உதிரிச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. எனவே சரக்கு கடைக்குள் வந்த பிறகு அதன் பத்திரம் முழுக்க நம் பொறுப்பு.

ஏன் நமுக்கிறது?

நன்றாக வெந்த பிஸ்கட்டில் ஈரம் நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைவு. ரொட்டியில் அது 35 பங்குக்கு மேல் இருக்கும். இவ்வளவு உலர்ந்த பண்டம் ஈரக் காற்று பட்டால் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். காற்றில் உள்ள ஈரமும் பிஸ்கட்டில் உள்ள ஈரமும் சமநிலைக்கு வரும்வரை இது நிற்பதில்லை. எவ்வளவு நல்ல கம்பெனிச் சரக்கானாலும் திறந்து வைத்தால் இதே கதிதான்.

காற்றின் ஈரத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. மளிகைக் கடையிலேயே அதற்குச் சாட்சிகள் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது சுத்தமான உப்பு கசியத் தொடங்கும். நம் கல் உப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். வெள்ளைச் சர்க்கரை கசிய 85 சதவீதம் வரை ஆகும். பிஸ்கட்டோ இவை இரண்டுக்கும் வெகு முன்பே, காற்று 50 சதவீத ஈரத்தை எட்டும்போதே, மொறுமொறுப்பை இழக்கத் தொடங்கிவிடும். உப்பு மூட்டையின் அடி நனைந்திருக்கும் நாளில், மூடாத பிஸ்கட் பாட்டில் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் சேர்த்த பிஸ்கட் வெள்ளைச் சர்க்கரை பிஸ்கட்டைவிட விரைவில் ஈரம் வாங்கும். மழை நாளில் வெல்லம் கசிவதைப் பார்ப்பவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். இத்தகைய சரக்கைக் குறைவாக எடுத்து விரைவில் தள்ளிவிட வேண்டும்.

ஐசிங்கின் தனிக் குணம்

காய்ந்து இறுகும் ஐசிங் என்பது முட்டை வெள்ளைக்கருவில் பொடித்த சர்க்கரையைக் குழைத்துப் பூசி உலர்த்தியது. தூத்துக்குடி மக்ரூனும் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த பண்டம்தான். காற்றுப் பட்டால் மக்ரூன் எப்படிப் பிசுபிசுக்கிறது என்பதைத் தென்மாவட்ட வணிகர்கள் நன்கு அறிவார்கள். ஐசிங்கும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே.

ஐசிங் பிஸ்கட்டில் மூன்று விதமான கேடு வரும். முதலாவது, ஈரம் பட்டுப் பூச்சு பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. அப்போது சிவப்பு, பச்சை போன்ற அடர்ந்த வண்ணங்கள் பக்கத்து வெள்ளையில் ஊறிப் பரவும். இரண்டாவது, வெப்பத்தில் அடியில் உள்ள வெண்ணெய் அல்லது வனஸ்பதி இளகி மேலே ஊறிப் பூச்சில் எண்ணெய்த் திட்டுகள் விழுவது. மூன்றாவது, வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் சேர்ந்து கொழுப்பைக் காறச் செய்வது. நமுத்ததை வாயில் போட்டால்தான் தெரியும். காறல் வாடையோ மூடியைத் திறந்தவுடனே வாடிக்கையாளர் மூக்கில் ஏறிவிடும். காறிய சரக்கை எந்த உபாயத்தாலும் மீட்க முடியாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

சரக்கு எடுக்கும்போதே பூச்சு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நுனியால் தொட்டால் ஒட்டக் கூடாது, அமுக்கினால் பள்ளம் விழக் கூடாது. கனமான பூச்சு உள்ளே காய ஓர் இரவு முழுதும் ஆகலாம். அவசர ஆர்டரில் மேல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரமாய் இருக்கும் சரக்கை அடுக்கி வைத்தால், டின்னுக்குள்ளேயே ஈரம் பரவி முழுதும் பாழாகும். சூடு ஆறாமல் கட்டிய பொட்டலமும் அப்படித்தான். கவரின் உட்புறம் வியர்த்திருந்தால் அந்தச் சரக்கைத் தொட வேண்டாம்.

பூச்சு எந்த வகை என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ந்து இறுகிய சர்க்கரைப் பூச்சு இறுக மூடிய டின்னில் இரண்டு வாரம்வரை தாங்கும். பால் வெண்ணெய் அடித்துச் செய்த மெத்தென்ற க்ரீம் பூச்சு இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது, அதற்குக் குளிர்ப்பெட்டியும் தேவை. எதுவாயினும் தயாரிப்பாளர் போட்டுக் கொடுக்கும் தேதியே முடிவானது. பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்த்ததா, கிருமி நீக்கிய வெள்ளைக்கருப் பொடி சேர்த்ததா என்றும் விசாரிப்பது நல்லது. பொடி சேர்த்ததே பாதுகாப்பானது.

வைக்கும் முறை

டின், பாட்டில் எதுவானாலும் மூடி இறுக வேண்டும். காலி டின்னை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஆறிய பிறகே சரக்கை அடுக்க வேண்டும். சிலர் சரக்கோடு டின்னை வெயிலில் வைக்கிறார்கள். இது வண்ணத்தை வெளுக்கச் செய்து கொழுப்பைக் காற வைப்பதால் கூடாது.

ஐசிங் பிஸ்கட்டைக் கொட்டி வைக்காமல் படுக்கையாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் பட்டர் பேப்பர் போட வேண்டும். மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போனால் அடியில் உள்ளவற்றின் பூச்சு நொறுங்கும்.

ஐசிங் பிஸ்கட்டோடு கேக், ரொட்டி, பன் போன்ற ஈரப் பண்டங்களை ஒரே டின்னில் வைக்கவே கூடாது. கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய்ச் சேரும். கேக்கும் வறண்டு, பிஸ்கட்டும் நமுத்து, இரண்டு சரக்கும் கெடும். மொறுமொறுப்பான பிஸ்கட்டையும் மெத்தென்ற பிஸ்கட்டையும் கலப்பதும் இதே தவறுதான்.

கொழுப்பு மிகுந்த பண்டம் வாடையை எளிதில் பிடிக்கும். சோப்பு, ஊதுபத்தி, பெருங்காயம், பூச்சி உருண்டை, கருவாடு ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கிப் பலகையின் மேல் வைத்தால் தரை ஈரமும் ஏறாது, எறும்பும் எளிதில் அண்டாது.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதானால் உணவுப் பண்டங்களுக்கென விற்கும் வெள்ளை வகையை மட்டுமே, பொட்டலம் பிரியாத நிலையில் போட வேண்டும். நீல நிறத்தில் வரும் வகையில் கோபால்ட் உப்பு இருப்பதுண்டு. அது நச்சுப் பொருளாதலால் தின்பண்டத்தோடு சேர்க்கக் கூடாது.

குளிர்ப்பெட்டி காய்ந்த பூச்சுக்கு உதவாது. குளிர்ந்த பிஸ்கட்டை வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன்மேல் முத்துமுத்தாய்ப் படியும். வண்ணம் ஓடுவதற்கு அதுவே போதும். தவிர்க்க முடியாமல் குளிரில் வைத்த டின்னை, உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பெரிய பாட்டிலும் பழைய அடியும்

நம் கடைகளில் அதிகச் சேதம் வருவது இரண்டு பழக்கங்களால். முதலாவது, பத்துக் கிலோ சரக்கையும் ஒரே பெரிய பாட்டிலில் போட்டு நாள் முழுதும் திறந்து மூடுவது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிய ஈரக் காற்று உள்ளே போகிறது. கல்லாவுக்கு அருகே ஒரு நாள் விற்பனைக்கான சிறு பாட்டில் மட்டும் இருக்கட்டும். மீதியை இறுக மூடிய சிறு டின்களில் பிரித்து உள்ளே வைத்து, ஒவ்வொன்றாக எடுத்தால் கடைசி டின்னும் புதுச் சரக்காகவே இருக்கும். பார்வைக்கு வைக்கும் பாட்டிலை வெயில் விழும் முகப்பிலும் விளக்கின் சூடு படும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

இரண்டாவது பழக்கம், பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அதன்மேல் புதுச் சரக்கைக் கொட்டுவது. மேலே உள்ளது விற்றுப்போக, அடியில் உள்ளது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதிலிருந்து கிளம்பும் காறல் வாடையும் வண்டும் புதுச் சரக்கையும் பிடிக்கும். பழையது தீர்ந்த பிறகே, பாட்டிலைக் கழுவித் துடைத்து உலர்த்திப் புதியதைப் போட வேண்டும். ஒவ்வொரு டின்னிலும் வந்த தேதியையும் கடைசித் தேதியையும் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், முதலில் வந்தது முதலில் போகும்.

சட்டம் சொல்வது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கு எந்தத் தேதிக்குள் உண்ணலாம் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்ற ஆணை 2020 அக்டோபர் 1 முதல் அமலானது. பேக்கரிச் சரக்குக்கும் அப்படி ஒரு சீட்டு எழுதிவைப்பது வாடிக்கையாளர் நம்பிக்கையைக் கூட்டும்.

டின்னிலிருந்து எடுத்து நாமே கவரில் போட்டு சீல் செய்து விற்றால், அதில் பொருளின் பெயர், நம் பெயர், முகவரி, எடை, விலை, தேதி முதலிய விவரங்கள் இருக்க வேண்டும். முட்டை சேர்ந்த பண்டத்துக்கு அசைவக் குறி தேவை. ஐசிங்கில் முட்டை இருப்பது பார்வைக்குத் தெரியாது. கேட்பவர்களுக்கு நாமே எடுத்துச் சொல்லிவிடுவது முறை. செய்தித்தாளில் தின்பண்டத்தை மடிப்பதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு ஒழுங்குமுறை தடை செய்துள்ளது. அச்சு மை உடம்புக்கு ஆகாது, அந்தத் தாள் ஈரத்தையும் தடுக்காது.

கொள்முதலில் நிதானம்

எவ்வளவு காத்தாலும் ஐசிங் பிஸ்கட் மாதக்கணக்கில் கிடக்கும் சரக்கன்று. விலை குறைகிறதே என்று டிசம்பர் முதல் வாரத்திலேயே மொத்தமாக எடுத்து அடுக்குவதைவிட, வாரத்துக்கு இரண்டு தவணையாக எடுப்பது லாபம். கிலோவுக்கு ஐந்து பத்து ரூபாய் கூடினாலும் சேதத்தில் அது மிச்சமாகும். மொத்த வணிகர்களும் சிறு டின்களாகப் பிரித்துக் கொடுத்தால் சில்லறைக் கடைக்காரர் தைரியமாக எடுப்பார், திரும்பி வரும் சரக்கும் குறையும்.

நமுத்த பிஸ்கட்டை வாங்கிச் சென்றவர் அதைச் சுட்ட பேக்கரியைத் தேடிப் போய்க் குறை சொல்ல மாட்டார். அடுத்த முறை பக்கத்துக் கடைக்குப் போவார், மாதச் சாமான் சீட்டையும் அங்கேயே கொடுப்பார். ஒரு மூடியை இறுக மூடுவதில் அந்தச் சீட்டும் அடங்கியிருக்கிறது என்பதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிவைப்போம்.