சோலாரிஸ்: மருந்து குறைவு, அவசரம் அதிகம்

சோலாரிஸ், வெள்ளை ஒயினுக்கென உருவாக்கப்பட்ட திராட்சை ரகம். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃப்ரைபர்க் நகரின் அரசுத் திராட்சை ஆய்வு நிலையத்தில் நார்பர்ட் பெக்கர் 1975-ல் செய்த கலப்பில் பிறந்தது. வளர்ப்பாளர் உரிமை கிடைத்தது 2001-ல்தான். திராட்சை இனப்பெருக்கத்தில் இந்தக் கால் நூற்றாண்டு பெரிய தாமதமாகக் கருதப்படுவதில்லை. விதை முளைத்துக் கொடியாகிக் காய்க்கவே சில ஆண்டுகள் பிடிக்கும்; அதன் பிறகு பல பருவங்களின் மழையையும் வெயிலையும் பார்த்து, ஒயின் செய்து சுவைத்தால்தான் ரகத்தின் குணம் தெரியும்.

திராட்சையைப் படுத்துபவை முக்கியமாக இரண்டு நோய்கள். ஒன்று சாம்பல் நோய். மற்றது அடிச்சாம்பல் நோய். இரண்டுமே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறி வந்தவை. சாம்பல் நோய் 1845-ல் இங்கிலாந்தில் தென்பட்டது. அடிச்சாம்பல் 1878-ல் பிரான்சில். அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் இந்தக் கிருமிகளோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை. ஐரோப்பிய இனமான வினிஃபெராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ரீஸ்லிங், ஷார்டனே என்று பெயர் பெற்ற ரகங்கள் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை. மருந்து அடிக்காவிட்டால் மழைக்கால முடிவில் கொடியில் இலை மிஞ்சாது.

அடிச்சாம்பலுக்கான முதல் மருந்து ஏறக்குறைய தற்செயலாகக் கிடைத்தது. போர்டோ பகுதியில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமலிருக்க, சாலையோரக் கொடிகளில் செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். அந்த வரிசைகளில் மட்டும் இலைகள் உதிராமல் நிற்பதைத் தாவரவியலாளர் பியேர் மில்யார்தே கவனித்து, 1885-ல் முறையாக அறிவித்தார். அதுதான் போர்டோ கலவை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கும் அது பழக்கமான மருந்தே. இயற்கை வேளாண்மைத் தோட்டங்களும் செம்பை நம்பியே இருக்கின்றன. ஆனால் செம்பு சிதைவதில்லை. ஆண்டுக்காண்டு மண்ணில் சேர்ந்து மண்புழுக்களைப் பாதிக்கிறது. அதனால் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019-லிருந்து வரம்பு கட்டியிருக்கிறது.

மருந்தைக் குறைக்க இன்னொரு வழி, எதிர்ப்புத்திறனைக் கொடிக்குள்ளேயே கொண்டுவருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கக் கொடிகளையும் வினிஃபெராவையும் கலந்து பார்த்தார்கள். முதல் தலைமுறைக் கலப்புகள் சிலவற்றின் ஒயினில் ஒருவித மிருக வாடை அடித்தது; பிரான்ஸ் 1930-களில் அவற்றில் ஆறு ரகங்களைத் தடையே செய்தது. கலப்பு ரகம் என்றாலே மட்டம் என்ற எண்ணம் அப்போது விழுந்தது. அது இன்றும் முழுதாகப் போகவில்லை.

சோலாரிஸின் வம்சாவளி இந்த அனுபவத்தின் விளைவு. அதன் தாய் மெர்ட்ஸ்லிங். அமெரிக்க ரத்தமுள்ள பிரெஞ்சுக் கலப்பான சேவால் பிளாங்கை, ரீஸ்லிங்கும் பினோ கிரியும் சேர்ந்த கொடியோடு கலந்து பெற்றது. தந்தை வழியில் மஸ்கட் ஒத்தனெலும், சோவியத் ரகமான சாரியா சேவெராவும் வருகின்றன. பின்னதன் மூலம், ரஷ்ய–சீன எல்லையிலுள்ள ஆமூர் நதிப் படுகையின் காட்டுத் திராட்சை. கடுங்குளிருக்கு அஞ்சாத அந்தக் கொடியிலிருந்தே ஆர்பிவி10 என்ற எதிர்ப்பு மரபணுப் பகுதி சோலாரிஸுக்கு வந்தது. அமெரிக்க, ஆசியக் காடுகளின் வாரிசாக இருந்தும் ஜெர்மனியின் ரகப் பதிவேட்டில் சோலாரிஸ் வினிஃபெரா என்றே இருக்கிறது. தரமுத்திரை ஒயின்களில் வினிஃபெரா மட்டுமே சேரலாம் என்ற பழைய ஐரோப்பிய விதியில் சிக்காமல் அது தப்பியது இதனால்தான். 2021-ல் அந்த விதியே தளர்ந்தது.

எதிர்ப்புத்திறன் செயல்படும் முறை எளிமையானது, இரக்கமற்றது. மழையில் நனைந்த இலையின் நீர்ப்படலத்தில் அடிச்சாம்பல் கிருமியின் வித்துகள் நீந்திவந்து, இலைத்துளைகள் வழியே உள்ளே நுழைகின்றன. சாதாரண ரகத்தில் கிருமி உள்ளுக்குள் பரவி, இலையின் அடிப்பக்கத்தில் வெண்ணிறப் பூஞ்சணமாக வெளிவரும். சோலாரிஸில் நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே மடிந்துபோகின்றன. கூடவே கிருமிக்கு நஞ்சான வேதிப்பொருள்களும் சுரக்கின்றன. உயிருள்ள செல்லை உறிஞ்சியே வாழும் கிருமிக்கு அங்கே சோறு கிடைக்காது. இலையில் மிஞ்சுவது சிறு கருகற்புள்ளிகள்.

இது முழுப் பாதுகாப்பு ஆகாது. ஈரமான பருவத்தில், குறிப்பாகப் பூக்கும் சமயத்தையொட்டி, சோலாரிஸுக்கும் சில தடவை மருந்து தேவை. மற்ற ரகங்களைவிட எண்ணிக்கை மிகக் குறைவு, அவ்வளவே. மருந்தை அறவே நிறுத்தினால் கருப்பழுகல் போன்ற, இதுவரை மருந்தோடு மருந்தாக அடங்கிக் கிடந்த நோய்கள் தலைதூக்கும்.

உண்மையில் சோலாரிஸைப் பரப்பியது நோய் எதிர்ப்பு மட்டுமில்லை, அதன் அவசரமும்தான். ஜெர்மனியில் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ பழுத்துவிடும். சாற்றின் இனிப்பு எக்ஸ்லே அளவில் சுலபமாக 100-ஐத் தாண்டும். அதாவது 13, 14 விழுக்காடு ஆல்கஹால் தரும் சர்க்கரை. கோடை குறுகிய டென்மார்க்கிலும் சுவீடனிலும் இன்று முதன்மையான ஒயின் திராட்சை இதுவே. நார்வேயின் தெற்கிலும் பயிராகிறது. இத்தாலியின் தென் டிரோலில் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைச்சரிவுகளில்கூட நட்டிருக்கிறார்கள். ஜெர்மனியிலோ, பாதி நொதித்த நிலையில் இலையுதிர் கால ஆரம்பத்தில் விற்கும் ஃபெடர்வைசர் பானத்துக்கு இதைப் பறிப்பவர்கள் அதிகம்.

அதே அவசரத்தில் தொல்லையும் உண்டு. சுற்றிலும் எல்லாக் குலைகளும் புளித்துக்கிடக்க, இதில் மட்டும் தேன் ஊறினால் குளவிகளும் பறவைகளும் பழ ஈக்களும் எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வலை கட்டாமல் முடியாது. வெப்பமான இடங்களில் புளிப்பு சட்டென்று இறங்கிவிட, கனத்த, தட்டையான ஒயின் மிஞ்சும். பறிக்கும் நாளைச் சில தினங்கள் தவறவிட்டாலே போதும். குளிர்ந்த வடக்கில் புளிப்பு நிற்பதால் அன்னாசி, கொட்டை மணம் கொண்ட, செறிவான ஒயின் கிடைக்கிறது. இனிப்பு ஒயின் வகைகளும் செய்கிறார்கள்.

இனி கவலை கிருமியின் பக்கம். அடிச்சாம்பல் கிருமி ஆண்டுதோறும் பாலினக் கலப்பால் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. ஆர்பிவி3 என்ற மற்றொரு எதிர்ப்புப் பகுதியை, ஹங்கேரிய ரகமான பியான்காவில் அது மீறியது 2010-ல் பதிவானது. ஆர்பிவி10-ஐத் தாண்டும் கிருமி வகைகளும் பின்னர் தென்பட்டன. ஒற்றைப் பூட்டை நம்பாமல் பல எதிர்ப்புப் பகுதிகளை ஒரே கொடியில் அடுக்குவதே இப்போதைய வழி. எந்த நாற்றில் எவை சேர்ந்திருக்கின்றன என்பதை மரபணு அடையாளங்களால் முளைப்பருவத்திலேயே படித்துவிடலாம். அந்த வேலையில் சோலாரிஸ் தானே பெற்றோராகியிருக்கிறது. மஸ்கட்டோடு சேர்ந்து மஸ்காரிஸ் என்ற வெள்ளை ரகத்தையும், காபர்னே சாவின்யோனோடு சேர்ந்து காபர்னே கோர்ட்டிஸ் என்ற சிவப்பு ரகத்தையும் ஃப்ரைபர்க் நிலையத்திலேயே தந்தது.