ஆங்கிலத் தொழிற்பெயரும் நமது தமிழும்

ஆங்கில இலக்கணம் என்றவுடன் அஞ்சி ஒதுங்குவோர் நம்மில் பலர். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வந்தவர்கள், மற்றப் பாடங்களில் நல்ல மதிப்பெண் பெற்றும், பகுதி இரண்டு ஆங்கிலத்தில் தடுமாறுகின்றனர். அவர்களைத் திகைக்க வைக்கும் பாடங்களுள் ஒன்று 'ஜெரண்ட்' என்பது. வினைச்சொல்லோடு 'இங்' சேர்ந்து பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்வதே ஜெரண்ட். தமிழ் இலக்கணம் அறிந்தவர்க்கு இது புதியதன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவன் நான். நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு தோன்றியது. 1957இல் சுரங்கப் பணி தொடங்கியது. மேல்மண்ணை அகற்றி அகற்றி 1961இல்தான் பழுப்பு நிலக்கரியைக் கண்டனர். இத்தகைய ஊரில் 'மைனிங்', 'பில்டிங்', 'டிரெயினிங்' என்பன எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் புழங்கும் சொற்கள். 'இங்' என்னும் ஈறு நமக்குப் பழகிய ஈறுதான்.

இனித் தமிழுக்கு வருவோம். 'படி' என்னும் வினையிலிருந்து 'படித்தல்', 'படிப்பு' என்னும் இரு சொற்கள் பிறக்கின்றன. நம் இலக்கணத்தில் இரண்டும் தொழிற்பெயர்களே. ஆயினும் வழக்கில் வேறுபாடு உண்டு. 'பாடத்தைப் படித்தல்' என்கிறோம்; 'பாடத்தைப் படிப்பு' என்று யாரும் சொல்வதில்லை. 'நன்றாகப் படித்தல்', 'நல்ல படிப்பு' என்கிறோம். 'படிப்புகள்' என்று பன்மை கூறலாம். 'படித்தல்கள்' என்பது வழக்கில் இல்லை. ஆகவே, 'படித்தல்' என்பதில் வினையின் உயிர் இன்னும் இருக்கிறது; 'படிப்பு' முற்றிலும் பெயராகிவிட்டது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். அங்கே இரண்டுக்கும் ஒரே 'இங்' வருவதால்தான் குழப்பம். அதைத் தீர்க்க மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, செயப்படுபொருள். 'டிக்கிங் லிக்னைட்' என்று பொருள் நேரே பின்வந்தால் அது ஜெரண்ட். 'த டிக்கிங் ஆஃப் லிக்னைட்' என்று முன்னே 'த'வும் பின்னே 'ஆஃப்'பும் வந்தால் அது பெயர்.

இரண்டாவது, அடைமொழி. 'டிக்கிங் இட் கேர்ஃபுலி' என வினையடை வந்தால் ஜெரண்ட். 'கேர்ஃபுல் டிக்கிங்' எனப் பெயரடை வந்தால் பெயர்.

மூன்றாவது, பன்மை. 'பில்டிங்' என்பது கட்டுதலையும் குறிக்கும், கட்டடத்தையும் குறிக்கும். 'பில்டிங்ஸ்' என்றால் ஐயமின்றிக் கட்டடங்களே.

இன்னொரு வேறுபாடும் நினைவில் நிற்கட்டும். 'வாக்கிங் ஸ்டிக்' என்பது நடப்பதற்கு உதவும் கோல். இது தொழிற்பெயர் வகை. 'வாக்கிங் சைல்ட்' என்பது நடக்கின்ற குழந்தை. இது நம் பெயரெச்சம் போன்றது. பழைய ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனி ஈறுகள் இருந்தன. பின்னர் அவை ஒன்றாகிவிட்டன. அறிஞர்களும் இதை உணர்ந்தே உள்ளனர். 2002இல் வெளிவந்த ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் பெரிய இலக்கண நூல், ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள் என்னும் இரண்டையும் ஒரே வடிவமாகவே கொள்கிறது.

'பெயர் எதுவானால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். ஓடும் கன்வேயர் பெல்ட்டின் அருகே ஓர் அறிவிப்பு இருப்பதாகக் கொள்வோம். 'ஸ்டாப் க்ளீனிங்' என்றால் துடைப்பதை நிறுத்து என்று பொருள். 'ஸ்டாப் டு க்ளீன்' என்றால் துடைப்பதற்காக நிறுத்து என்று பொருள். முதலாவது துடைக்காதே என்கிறது. இரண்டாவது துடைக்கச் சொல்கிறது! மாற்றிப் புரிந்துகொள்பவன் இழப்பது மதிப்பெண்ணை அன்று, விரல்களை.

வேலைக்கு விண்ணப்பம் எழுதுவோர்க்கும் ஒரு சொல். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என எழுதுவோர் பலர். இங்கே 'டு' ஒரு முன்னிடைச்சொல். அதன்பின் பெயர்த்தன்மை உள்ள சொல்லே வரும். ஆதலால் 'மீட்டிங் யூ' என்பதே சரி. நாமும் 'சந்திக்க எதிர்நோக்குகிறேன்' என்று எழுதாமல், 'சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்றுதானே எழுதுகிறோம்?

தோழர்களே! புதிய மொழியைக் கற்கத் தாய்மொழியை மறக்க வேண்டியதில்லை. ஆங்கில வாக்கியத்தில் 'இங்' கண்டால் 'படித்தலா, படிப்பா?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஐயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.